ஷால்கே சந்தையில் ஒரு ஜவுளிக்கடை

ஜெர்மன் கால்பந்து, நாஜி என்று தேட ஆரம்பித்தால் முதலில் வந்து நிற்பவர் ஹாம்பர்க்கின் ஓட்டோ ஹார்டர். எஸ்.எஸ். படையில் சேர்ந்து, வதைமுகாமில் காவலராக இருந்து, போருக்குப் பின் பிரிட்டிஷ் நீதிமன்றத்தில் தண்டனை வாங்கியவர். அவரைப் பற்றி முடிவுக்கு வர யாருக்கும் அதிக நேரம் ஆகாது. எனக்கு அவரைவிட உறுத்தலான ஆள் ஃப்ரிட்ஸ் ஷெபான். இவர் முகாம் காவலர் எல்லாம் இல்லை. ஒரு கடை வாங்கினார், அவ்வளவுதான்.

ஷெபான் 1907-ல் கெல்ஸன்கிர்ஷனில் பிறந்தவர். நிலக்கரிச் சுரங்க ஊர். அங்குள்ள ஷால்கே 04 சுரங்கத் தொழிலாளிகளின் அணி. பந்தைக் காலுக்குக் கால் குட்டிக் குட்டியாகத் தட்டி எதிராளியைச் சுற்றவிடும் அவர்கள் ஆட்டத்துக்கு 'க்ரைஸல்' என்று பெயர், நம்ம பம்பரம்தான். அந்தப் பம்பரத்தின் ஆணி ஷெபானும் அவருடைய மச்சான் எர்ன்ஸ்ட் குட்ஸோராவும். 1934 முதல் 1942 வரை ஆறு முறை ஜெர்மன் சாம்பியன். நாட்டுக்காக 34 ஆட்டங்கள், அதில் 30 முறை கேப்டன். 1934 உலகக் கோப்பையில் மூன்றாம் இடம். ஹிட்லர் காலத்தில் ஜெர்மனியின் ஒவ்வொரு பையனுக்கும் தெரிந்த பெயர்.

ஆனால் காசு? அன்றைய ஜெர்மனியில் கால்பந்துக்குச் சம்பளம் கிடையாது. சட்டப்படி எல்லோரும் அமெச்சூர். அனுமதித்ததைவிட அதிகம் வாங்கினார்கள் என்று 1930-ல் ஷால்கே ஆட்டக்காரர்களுக்குத் தடையே போட்டார்கள். ஷெபானும் அதில் உண்டு. அதனால் பெயர் பெற்ற ஆட்டக்காரர்கள் கடை கண்ணி வைத்துப் பிழைப்பதுதான் வழி.

1937-ல் ஷெபான் நாஜிக் கட்சியில் சேர்ந்தார். 1938-ல் ஷால்கே சந்தையில் இருந்த யூலியுஸ் ரோடே என்ற ஜவுளிக்கடையை வாங்கினார். அதன் உரிமையாளர்கள் ஸாலி மேயர், யூலி லிஷ்ட்மான். இரண்டு பேரும் யூதர்கள்.

'வாங்கினார்' என்ற சொல்லை இங்கே கொஞ்சம் பிரித்துப் பார்க்கணும். புறக்கணிப்பு, மிரட்டல் என்று ஐந்து வருஷமாக யூத வியாபாரிகளின் கழுத்தை நெரித்தாகிவிட்டது. 1938 ஏப்ரலில், 5000 மார்க்குக்கு மேல் சொத்து வைத்திருக்கும் யூதர்கள் அரசிடம் கணக்கு கொடுக்கணும் என்று ஆணை. நவம்பரில் இன்னொன்று: 1939 ஜனவரி 1 முதல் யூதர்கள் சில்லறைக் கடையே நடத்தக்கூடாது. விற்கிறவருக்கு விலை பேச இடமே இல்லை. இதற்கு 'ஆரியமயமாக்கல்' என்று பெயர் வைத்திருந்தார்கள். டேட்டாபேஸில் ஓனர் பெயர் மட்டும் மாறுகிற மாதிரி, பத்திரம் எல்லாம் சுத்தமாகத்தான் இருக்கும். அதே 1938-ல் வியன்னாவில் மத்தியாஸ் ஸிண்டெலாரும் ஒரு யூதரின் காபிக்கடையை எடுத்துக்கொண்டார். அவரை நாஜி எதிர்ப்பு வீரராகக் கொண்டாடுகிற கதைகளில் இது அநேகமாக வராது.

1942 ஜனவரியில் கெல்ஸன்கிர்ஷன் யூதர்களை ரயிலில் ஏற்றி ரீகாவுக்கு அனுப்பினார்கள். மேயரும் லிஷ்ட்மானும் அங்கே கொல்லப்பட்டார்கள். அதே ஆண்டு ஜூலை 4-ல் பெர்லினில் ஷால்கே, வியன்னா அணியை 2-0 என்று வென்று ஆறாவது கோப்பையைத் தூக்கியது.

போருக்குப் பிறகு ஷெபானுக்கு மரியாதை குறையவில்லை. ஷால்கேவுக்குப் பயிற்சியாளர், 1955-ல் அவர் பயிற்சியில் ரோட்-வைஸ் எஸன் ஜெர்மன் சாம்பியன், 1964 முதல் 1967 வரை ஷால்கே கிளப்பின் தலைவர். 1974-ல் இறந்தார்.

2001-ல் ஷால்கேவின் புது மைதானம் திறந்தது. பக்கத்தில் ஒரு தெருவுக்கு ஷெபான் பெயர் வைக்க ஏற்பாடு. அப்போதுதான் ஜவுளிக்கடை விஷயம் எழுந்தது, பெயரைக் கைவிட்டார்கள். கிளப்பே பிறகு வரலாற்றாய்வாளர்களை வைத்துத் தன் நாஜிக் காலத்தை ஆராயச் சொன்னது. அந்தப் புத்தகம் 2005-ல் வந்தது. கிளப்பின் நிறங்கள் நீலமும் வெள்ளையும். நீலத்துக்கும் வெள்ளைக்கும் நடுவே சாம்பல் என்று தலைப்பு வைத்தார்கள். தலைப்பு நல்லாத்தான் இருக்கு. ஆனால் அந்தக் கடை விஷயத்தில் சாம்பல் எங்கே இருக்குன்னு எனக்குத் தெரியல.