ஆளரவமற்ற தில்லி: 1858-ஆம் ஆண்டின் ஒளிப்படங்கள்

1858-இல் எடுக்கப்பட்ட தில்லி ஒளிப்படங்களில் காஷ்மீரி வாயிலும் ஜாமா மசூதியும் செங்கோட்டையும் துலக்கமாக நிற்கின்றன; மனிதர்கள்தாம் இல்லை, அல்லது மிகச் சிலரே இருக்கின்றனர். அந்நாளைய நகரம் எத்துணை அமைதியாக இருந்தது என்ற ஏக்கத்தோடு இவை இன்று பகிரப்படுவதும் உண்டு. அது பிழையான வாசிப்பு.

வெறுமைக்குத் தொழில்நுட்பக் காரணம் ஒன்று உண்டு. ஈரக் கொலோடியன் பூசிய கண்ணாடித் தகடு ஒரு காட்சியைப் பதிவு செய்யப் பல நொடிகள் பிடிக்கும். நடமாடுபவர் அதில் மங்கலாகவோ, தடமின்றியோ போவர். ஆனால் இதை மட்டும் சொல்லி நிறுத்துவது வரலாற்றை ஒளிப்பதாகும். 1857 செப்டம்பர் 14 அன்று ஆங்கிலேயப் படை காஷ்மீரி வாயிலை வெடிவைத்துத் தகர்த்து நுழைந்தது. ஒரு வாரத்துக்குள் நகரம் வீழ்ந்தது. பின்னர் மக்கள் மதிலுக்கு வெளியே துரத்தப்பட்டனர். இந்துக்கள் 1858-இல் திரும்ப அனுமதிக்கப்பட்டனர். முஸ்லிம்கள் அதைவிட நெடுங்காலம் காத்திருக்க நேர்ந்தது. ஜாமா மசூதி 1862 வரை தொழுகைக்குத் திருப்பித் தரப்படவில்லை. கிரீமியப் போரைப் படம்பிடித்துப் பெயர்பெற்ற பெலீச்சே பியாட்டோவும், படை அதிகாரி ராபர்ட் டைட்லரும் அவர் மனைவி ஹாரியட்டும் கேமராவோடு சுற்றியது இந்த நகரத்தில்தான். மெய்யாகவே அங்கு ஆளில்லை.

அவ்வாண்டின் படங்களுள் உள்ளத்தை உலுக்குவது கட்டடப் படமன்று. கட்டிலில் திண்டு மீது சாய்ந்து, கையில் ஹூக்காக் குழலோடு கிடக்கும் முதியவர் ஒருவர் அதில் இருக்கிறார். விசாரணை முடிந்து, நாடுகடத்தலை எதிர்நோக்கியிருந்த பகதூர் ஷா ஜாபர் அவர். வயது எண்பதைக் கடந்திருந்தது. முகலாயப் பேரரசர் ஒருவரின் ஒளிப்படமாக அறியப்படுவது அநேகமாக இது ஒன்றே. அவ்வாண்டு அக்டோபரில் அவர் தில்லியை விட்டுக் கொண்டுசெல்லப்பட்டார். 1862 நவம்பர் 7 அன்று ரங்கூனில் இறந்தார்.

அவர் போனபின் அவர் வீடும் போயிற்று. செங்கோட்டையின் உள்ளே இருந்த மாளிகைகள், அந்தப்புரங்கள், முற்றங்கள், தோட்டங்களுள் பெரும்பகுதி இடிக்கப்பட்டுப் படைவீரர் குடியிருப்புகள் எழும்பின. திவானி ஆம், திவானி காஸ், ரங் மஹால் முதலிய சிலவே தப்பின. கோட்டைக்கும் ஜாமா மசூதிக்கும் இடையே நெருங்கியிருந்த குடியிருப்புகளும் தரைமட்டமாயின. அக்பராபாதி மசூதியும் அவற்றோடு மறைந்தது. இன்று பயணிகள் புல்வெளியாகக் காணும் இடங்களுள் பல, ஒருகாலத்தில் கூரையும் சுவரும் உடையவை.

தில்லியை ஒளிப்படங்களால் மட்டும் அறிய முயல்வோர் இங்கேதான் இடறுகின்றனர். கேமரா அந்நகரைப் பரவலாகப் பதிவு செய்யத் தொடங்கியது அழிவின் வேளையில்; அதற்கு முந்தைய தில்லிக்குச் சான்று தூரிகையே. 1846 நவம்பரில் மஸ்ஹர் அலி கான் என்னும் ஓவியர் கோட்டையின் லாகூர் வாயில் உச்சியிலிருந்து நகர் முழுவதையும் சுற்றிப் பார்த்து வரைந்த ஓவியம், ஏறத்தாழ ஐந்து மீட்டர் நீளமுடையது. லண்டனில் பிரித்தானிய நூலகத்தில் உள்ள அந்தத் தாளில், பின்னாளில் இடிக்கப்பட்ட மாடங்களும் முற்றங்களும் ஒவ்வொன்றாக நிற்கின்றன.