ஹோர்ன்லி முகடு

ஹோர்ன்லி முகடு என்பது ஆல்ப்சு மலைத்தொடரில் உள்ள மேட்டர்ஹோர்ன் மலையின் (4,478 மீட்டர்) வடகிழக்கு முகடு ஆகும். சுவிட்சர்லாந்து, இத்தாலி நாடுகளின் எல்லையில் அமைந்துள்ள இம்மலையின் உச்சியை அடைய மிகுதியாகப் பயன்படும் வழி இதுவே. செர்மாட் என்னும் சுவிசு ஊரிலிருந்து இம்முகடு தெளிவாகத் தெரியும்.

வரலாறு

1865 சூலை 14 அன்று எட்வர்டு விம்ப்பர் உள்ளிட்ட எழுவர் முதன்முதலாக உச்சியை அடைந்தனர். செர்மாட்டிலிருந்து பார்க்கும்போது செங்குத்தாகத் தோன்றும் கிழக்குச் சரிவு, உண்மையில் அவ்வளவு செங்குத்தானதன்று என்பதை உணர்ந்தே அவர்கள் இவ்வழியைத் தேர்ந்தனர். இறங்கும்போது ஒருவர் சறுக்கியதால் கயிறு அறுந்து நால்வர் உயிரிழந்தனர். விம்ப்பரும், தந்தையும் மகனுமான இரு வழிகாட்டிகளும் உயிர் தப்பினர். அறுந்த கயிற்றின் ஒரு பகுதி செர்மாட் அருங்காட்சியகத்தில் உள்ளது.

பாதை

ஏற்றம் 3,260 மீட்டர் உயரத்திலுள்ள ஹோர்ன்லி குடிலில் தொடங்குகிறது. இங்கிருந்து உச்சிவரை ஏறத்தாழ 1,200 மீட்டர் ஏற வேண்டும். மலையேறுவோர் தலைவிளக்கின் ஒளியில் விடியலுக்கு முன்பே புறப்படுகின்றனர்.

முகடு என்று அழைக்கப்பட்டாலும், கீழ்ப்பாதியில் பாதை பெரும்பாலும் முகட்டின் விளிம்பில் செல்வதில்லை. அது இடப்புறமாக விலகிக் கிழக்குச் சரிவில் பாறைப் பள்ளங்களைக் கடந்து செல்கிறது. பின்னர் மோசுலி பாறை எனப்படும் செங்குத்தான பகுதியின் வழியாக, 4,003 மீட்டரில் உள்ள சோல்வே குடிலை அடைகிறது. இக்குடில் நெருக்கடி நிலையில் ஒதுங்குவதற்கு மட்டுமே உரியது.

குடிலுக்கு மேல் பாதை முகட்டை ஒட்டிச் சென்று, தோள் எனப்படும் பனி படிந்த பகுதியை அடைகிறது. அதற்கு மேலுள்ள செங்குத்துப் பாறைகளில் தடித்த கயிறுகள் நிலையாகக் கட்டப்பட்டுள்ளன. இறுதியில் பனிச்சரிவில் ஏறி உச்சியை அடையலாம். இப்பகுதியில் காலணியில் இரும்பு முட்களை மாட்டிக்கொள்வது இன்றியமையாதது.

வழி கண்டறிதல்

தனித்தனியாகப் பார்த்தால் இப்பாதையின் பாறைகளுள் பெரும்பாலானவை மிகக் கடினமானவை அல்ல. சரியான வழியைக் கண்டறிவதே பெரிய சிக்கலாகும். பலர் ஏறிச் சென்ற வழியில் பாறைகள் உறுதியாக இருக்கும்; இரும்பு முட்கள் கீறிய தடங்களும் காணப்படும். காலடியில் கற்கள் பெயர்ந்து உருண்டால், வழி தவறியதற்கு அது ஓர் அறிகுறியாகும். அந்நிலையில் மேலே செல்லாமல், கடைசியாக உறுதியாகத் தெரிந்த இடத்திற்குத் திரும்புவதே பாதுகாப்பானது. முன்னர் வழி தவறியவர்கள் விட்டுச்சென்ற கயிற்று வளையங்கள் பிறரையும் தவறான இடங்களுக்கு இட்டுச்செல்வதுண்டு.

இறங்குவதற்கும் ஏறுவதற்கு ஆகும் நேரமே ஏறத்தாழத் தேவைப்படும். மேலிருந்து பார்க்கையில் எல்லாப் பள்ளங்களும் ஒன்றுபோலத் தோன்றும். எனவே ஏறும்போதே அவ்வப்போது திரும்பிப் பார்த்து அடையாளங்களை நினைவில் கொள்ளல் வேண்டும்.

இடர்கள்

வழி தவறுவதால் நேரம் வீணாகிறது. பிற்பகலில் இடிமழை வந்தால் ஒதுங்க இடமின்றிப் போகலாம். கல்வீழ்ச்சியும் பெரும் இடராகும். 2003ஆம் ஆண்டுக் கோடையின் கடும் வெப்பத்தில் பாறைப் பிளவுகளிலிருந்த நிலையுறை பனி உருகிப் பாறைகள் சரிந்தன. மலையில் சிக்கியவர்கள் உலங்கு வானூர்தி மூலம் மீட்கப்பட்டனர். பாதையும் சிறிது காலம் மூடப்பட்டது.