பெயர்ச்சீட்டும் சாவியும்

திண்டுக்கல் பூட்டுக்கு 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. பெயர் ஒன்றுதான், ஆனால் கைவேலைப் பூட்டு ஒவ்வொன்றின் உள்ளமைப்பும் வேறு. எந்தப் பூட்டு என்பதைப் பெயர் சொல்லாது, சாவிதான் சொல்லும்.

மென்பொருளுலகம் இதே பாடத்தைச் சற்றுத் தாமதமாகவே கற்றது. 2013 மார்ச்சில் அறிமுகமான டாக்கர், ஒரு செயலியையும் அது இயங்க வேண்டிய துணைநிரல்களையும் அடுக்கடுக்காகக் கட்டி 'இமேஜ்' என்னும் ஒரே பொதியாக்கியது. அப்பொதிக்கு இடும் 'டேக்' வெறும் பெயர்ச்சீட்டு. இன்று ஒன்றில் ஒட்டியதை நாளை வேறொன்றுக்கு மாற்றலாம். பெயர் எதுவும் இடாவிட்டால் 'லேட்டஸ்ட்' என்பது தானே வந்து ஒட்டிக்கொள்ளும். அது ஒட்டிய பொதி புதியதாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை! சோதித்துப் பார்த்தது ஒன்று, ஓடுவது இன்னொன்று என்னும் விபத்து இப்படித்தான் நேர்கிறது. தமிழ் படித்தவருக்கு இது புதிதன்று: ஒரே நூற்பெயர் தாங்கிய இரண்டு ஏடுகளில் பாடம் வேறுபடுவதை அறிவோம்.

2015இல் வந்த டாக்கர் 1.6 பதிப்பு, 'டைஜெஸ்ட்' கொண்டு இமேஜைச் சுட்ட வழிசெய்தது. பொதியின் உள்ளடக்கத்திலிருந்தே கணக்கிடப்படும் 64 குறிகள் அவை. உள்ளே ஓர் எழுத்து மாறினாலும் தொடர் முழுவதும் மாறிவிடும். அதை யார் நினைவில் வைப்பது? ஆகவே பேச்சில் டேக்கே வழங்குகிறது. கவனமுள்ளவர்கள் மட்டும் வெளியீட்டுக் குறிப்பில் டைஜெஸ்டையும் எழுதிவைக்கிறார்கள்.