சலவை அறையில் பிறந்த சிரிப்பு

எகிப்தின் பாசிம் யூசுப் இதய அறுவை மருத்துவராக இருந்தவர். 2011 ஜனவரியில் மக்கள் புரட்சி வெடித்தபோது கெய்ரோவின் தஹ்ரீர் சதுக்கத்தில் காயம்பட்டவர்களுக்கு மருத்துவம் பார்த்தார். அரசுத் தொலைக்காட்சியோ அந்தக் கூட்டத்தைப் பற்றி வேறு கதை சொன்னது. அதைக் கிண்டல் செய்து, மார்ச் மாதம் தன் வீட்டுச் சலவை அறையில் வீடியோ எடுத்து யூடியூபில் போட்டார். மூன்றே மாதத்தில் சுமார் 50 லட்சம் பார்வைகள்! அதே ஆண்டு தொலைக்காட்சிக்குப் போனார்.

2013 மார்ச்சில், அதிபர் மோர்சியையும் இஸ்லாத்தையும் அவமதித்ததாகக் குற்றச்சாட்டு. விசாரித்து, 15,000 எகிப்திய பவுண்டு பிணையில் விட்டார்கள். ஆனாலும் நிகழ்ச்சி தொடர்ந்தது. மோர்சியின் எதிர்ப்பாளர்கள் கைதட்டினார்கள்.

ஜூலையில் இராணுவம் மோர்சியைப் பதவியிலிருந்து நீக்கியது. அக்டோபரில் திரும்பி வந்த யூசுப், தளபதி சிசிக்கு நடந்த துதிபாடலைக் கிண்டல் செய்தார். ஒரே ஒரு வாரம்தான்... சேனல் நிகழ்ச்சியை நிறுத்திவிட்டது! முன்பு கைதட்டியவர்களிலேயே பலர் இப்போது கொதித்தார்கள். 2014-ல் வேறு சேனலில் தொடங்கியும், ஜூன் மாதம் முடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. பிறகு அமெரிக்காவில் குடியேறினார்.

எதிர்க்கட்சிக்காரரைக் கிண்டல் செய்தால் யாரும் சிரிப்பார்கள். தன் தலைவரைக் கிண்டல் செய்பவனையும் பேச விடுவதுதான் கருத்துச் சுதந்திரம்!