தொழிலகமும் துப்பாக்கியும்: ஐக்கிய அமெரிக்க வரலாற்றில் ஓர் உரிமைப் பிணக்கு

தொழிலாளி ஒருவர் தமது துப்பாக்கியுடன் வேலைத்தலத்துக்கு வரலாமா என்னும் வினா, 21 ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதலாக ஐக்கிய அமெரிக்காவின் சட்டசபைகளிலும் நீதிமன்றங்களிலும் விவாதிக்கப்பட்டு வந்துள்ளது. இது பற்றி வாதிடுவோர் பெரும்பாலும் 1791 ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசியலமைப்பிற் சேர்க்கப்பட்ட இரண்டாவது திருத்தத்திலிருந்தே தமது வாதத்தைத் தொடங்குவர். ஆயின், அத்திருத்தம் அரசைக் கட்டுப்படுத்துவதேயன்றித் தனியார் தாபனங்களைக் கட்டுப்படுத்துவதன்று. தனது நிலத்தில் ஆயுதத்துக்கு இடமில்லை என ஒரு கம்பனி விதிக்குமாயின் அதனைத் தடுக்க இரண்டாவது திருத்தம் உதவாது. எனவே இவ்வினாவின் வேர்களை ஆயுதச் சட்டங்களின் வரலாற்றில் மட்டுமன்றித் தொழில் உறவுகளின் வரலாற்றிலும் தேடுதல் வேண்டும்.

கைத்தொழில் விரைந்து வளர்ந்த 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், தொழிலாளர் கூட்டாக ஆயுதம் தாங்கலாமா என்பதே முதலில் எழுந்த பிரச்சினையாகும். சிக்காகோ நகரின் ஜேர்மானியத் தொழிலாளர், கல்விக்கும் பாதுகாப்புக்குமான சங்கம் எனப் பொருள்படும் பெயரில் ஆயுதப் பயிற்சி பெற்ற அமைப்பொன்றை 1875 இல் நிறுவினர். இத்தகைய அமைப்புகள் அனுமதியின்றி ஆயுதங்களுடன் அணிவகுத்துச் செல்வதை இலினோய் மாநிலம் 1879 இல் தடைசெய்தது. தடையை மீறியமைக்காகத் தண்டம் விதிக்கப்பட்ட ஹேர்மன் பிரெசர் என்பவரின் வழக்கு ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம் வரை சென்றது. இரண்டாவது திருத்தம் சமஷ்டி அரசைக் கட்டுப்படுத்துமேயன்றி மாநிலங்களைக் கட்டுப்படுத்தாது எனக் கூறி, அந்நீதிமன்றம் 1886 இல் தடையை உறுதிசெய்தது.

தொழிலாளரின் கூட்டு ஆயுதம் இவ்வாறு தடுக்கப்பட்ட அதே காலத்தில், தொழிலதிபர்களின் ஆயுதம் தடையின்றி வளர்ந்தது. இதற்கு 1892 ஆம் ஆண்டின் ஹோம்ஸ்டெட் நிகழ்ச்சி தக்க சான்றாகும். பென்சில்வேனியா மாநிலத்தில் மொனொங்கஹேலா ஆற்றங்கரையில் அமைந்திருந்த கார்னெகி உருக்குத் தொழிற்சாலையில் ஊதிய உடன்படிக்கை முடிவுற்றபோது, அதன் நிருவாகியாகிய ஹென்றி கிளே பிரிக் தொழிற்சங்கத்தினரை வெளியேற்றிக் கதவடைப்புச் செய்தார். தொழிற்சாலையைச் சுற்றி உயர்ந்த வேலி எழுப்பப்பட்டது. பிங்கர்ட்டன் தனியார் துப்பறியும் தாபனத்தைச் சேர்ந்த ஏறத்தாழ 300 பேர் துப்பாக்கிகளுடன் இரு படகுகளில் ஏற்றிவரப்பட்டனர். யூலை 6 ஆம் திகதி அவர்கள் கரையேற முயன்றபோது, தம் வீடுகளிலிருந்து துப்பாக்கிகளைக் கொணர்ந்த தொழிலாளர் எதிர்த்து நின்றனர். அன்றைய மோதலில் தொழிலாளர் எழுவரும் பிங்கர்ட்டன் காவலர் மூவரும் இறந்தனர் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கணக்காகும். மாலையிற் காவலர் சரணடைந்தனர். எனினும் வெற்றி தொழிலாளருக்குரியதாகவில்லை. மாநிலப் படை ஆலையைக் கைப்பற்றி நிருவாகத்திடம் ஒப்படைத்தது. தொழிற்சங்கம் சிதைந்தது. பிங்கர்ட்டன் போன்ற தாபனங்களின் ஊழியரைச் சமஷ்டி அரசு சேவைக்கு அமர்த்தலாகாது என்னும் சட்டத்தைக் காங்கிரஸ் 1893 இல் இயற்றிய போதிலும், தனியார் முதலாளிகள் அவர்களை அமர்த்துவதற்கு அச்சட்டம் தடையாக இருக்கவில்லை.

இதன் பின்னரும் இரத்தம் சிந்துதல் ஓயவில்லை. கொலராடோ மாநிலத்தின் லட்லோ என்னுமிடத்தில், 1914 ஏப்ரல் 20 இல், வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளரின் கூடாரக் குடியிருப்பு மாநிலப் படையினராலும் கம்பனிக் காவலராலும் தாக்கப்பட்டு எரியூட்டப்பட்டது. கூடாரமொன்றின் கீழிருந்த குழியில் ஒளிந்திருந்த பெண்கள் இருவரும் பிள்ளைகள் பதினொருவரும் மூச்சுத் திணறி மாண்டனர். மேற்கு வேர்ஜீனியாவின் லோகன் மாவட்டத்தில், உதவி ஷெரிப்மாரின் ஊதியத்தை நிலக்கரிக் கம்பனிகளே வழங்கின. பொலிசாருக்கும் கம்பனிக் காவலருக்குமிடையே வேற்றுமை மறைந்தது. அம்மாவட்டத்தை நோக்கி 1921 இல் ஆயிரக்கணக்கான சுரங்கத் தொழிலாளர் ஆயுதங்களுடன் அணிதிரண்டமையும், பிளெயர் மலையில் நடந்த சமரைச் சமஷ்டிப் படை வந்து முடிவுறுத்தியமையும் இச்சூழ்நிலையின் விளைவுகளேயாம். செனற்றர் லா பொலெற் தலைமையில் 1936 இல் விசாரணையைத் தொடங்கிய செனற் குழு, பெருந்தொழில் தாபனங்கள் துப்பாக்கிகளையும் கண்ணீர்ப்புகைக் குண்டுகளையும் பெருமளவில் வாங்கிக் குவித்திருந்தமையை வெளிப்படுத்தியது. 1935 ஆம் ஆண்டின் தேசிய தொழில் உறவுகள் சட்டம் கூட்டுப் பேரம்பேசும் உரிமையை ஏற்ற பின்னரே, தொழிற் பிணக்குகளிலிருந்து துப்பாக்கி படிப்படியாக விலகலாயிற்று.

பிரச்சினை மீண்டும் தோன்றியபோது அதன் உருவம் மாறியிருந்தது. ஒக்லஹோமா மாநிலத்தின் எட்மண்ட் அஞ்சலகத்தில், 1986 ஓகஸ்ட் 20 இல், ஊழியர் ஒருவர் சக ஊழியர் 14 பேரைச் சுட்டுக்கொன்று தற்கொலை செய்துகொண்டார். இத்தகைய நிகழ்ச்சிகள் பெருகவே, தாபனங்கள் தமது ஒழுங்குவிதிகளில் ஆயுதத் தடையை வலியுறுத்தின. ஆனால் அதே காலத்தில் புளோரிடா 1987 இலும் ஒக்லஹோமா 1995 இலும் குடிமக்கள் அனுமதிப்பத்திரம் பெற்று மறைவாகத் துப்பாக்கி தாங்குவதை எளிதாக்கும் சட்டங்களை இயற்றின. வீதியிற் கிடைத்த உரிமை தொழிலகத்தின் வாயிலில் நின்றுவிடுமா என்னும் வினா தவிர்க்கவியலாததாயிற்று.

ஒக்லஹோமாவின் வலியன்ற் என்னும் சிற்றூரிலுள்ள வெயர்ஹவுசர் காகித ஆலையில், 2002 ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில், வாகனத் தரிப்பிடம் மோப்பநாய்களைக் கொண்டு சோதனையிடப்பட்டது. வாகனங்களிற் காணப்பட்ட துப்பாக்கிகளின் காரணமாக ஏறத்தாழப் பன்னிருவர் வேலையிழந்தனர். வேட்டையாடுதல் வாழ்க்கை முறையாகவே அமைந்த அப்பிரதேசத்தில் இது பெருங் கொதிப்பை ஏற்படுத்தியது. பூட்டிய வாகனத்தினுள் துப்பாக்கி வைத்திருப்பதைத் தொழில்கொள்வோர் தடுக்கலாகாது என மாநில சட்டசபை 2004 இல் விதித்தது. கொனோகோபிலிப்ஸ் உள்ளிட்ட கம்பனிகள் இதனை நீதிமன்றத்தில் எதிர்த்தன. வேலைத்தலத்தை அறியப்பட்ட ஆபத்துகளிலிருந்து காத்தல் தொழில்கொள்வோரின் கடமை எனக் கூறும் 1970 ஆம் ஆண்டின் சமஷ்டிச் சட்டத்துடன் இது முரண்படுகின்றது எனக் கொண்டு, மாவட்ட நீதிமன்றம் 2007 இல் அதனைத் தடைசெய்தது. மேன்முறையீட்டு நீதிமன்றம் 2009 இல் அத்தீர்ப்பை மாற்றிச் சட்டத்தை நிலைநிறுத்தியது. பின்னர் இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் இதனை ஒத்த சட்டங்களைக் கொண்டன.

இரு தரப்பு வாதங்களும் புறந்தள்ளத்தக்கன அல்ல. நள்ளிரவில் வேலை முடிந்து நெடுந்தொலைவு தனியே செல்லும் ஒரு பெண்ணுக்கு, தரிப்பிடத் தடை என்பது வழி நெடுகிலுமான தடையாகவே முடியும். மறுபுறம், சினங்கொண்ட ஊழியர் ஒருவருக்கும் அவரது வாகனத்துக்கும் இடையிலுள்ள தூரம் சில நிமிட நடையேயாம். வட கரோலினாவின் வேலைத்தலங்களை ஆராய்ந்து 2005 இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்று, துப்பாக்கி அனுமதிக்கப்பட்ட இடங்களில் ஊழியர் கொலையுண்ணும் வாய்ப்பு, ஆயுதங்கள் யாவும் தடைசெய்யப்பட்ட இடங்களிலும் பார்க்க ஏறத்தாழ ஐந்து மடங்காக இருந்தமையை எடுத்துக்காட்டியது. ஒரு தொழிலாளியின் தற்காப்பு உரிமை, அருகில் நின்று வேலைசெய்யும் மற்றத் தொழிலாளியின் உயிர்ப் பாதுகாப்பைப் பாதிக்கக்கூடும் என்பதே இதன் பொருளாகும்.

இவ்விரு காலகட்டங்களையும் ஒப்புநோக்கின் ஓர் உண்மை புலனாகும். 1892 இல், தன் சொத்தைக் காத்தற்கெனத் துப்பாக்கியை வரவழைத்தவர் முதலாளி. 2004 இல், தன் சொத்தின் மீதான உரிமையைக் காட்டித் துப்பாக்கியை விலக்க முயன்றவரும் முதலாளியே. நிலம் யாருடையதோ அவரே அங்கு நடப்பதைத் தீர்மானிப்பார் என்னும் கோட்பாடே இரண்டிலும் அடிநாதமாகும். ஒக்லஹோமாச் சட்டம் அக்கோட்பாட்டை ஓரளவு தளர்த்தியது என்பது மெய்யே. ஆனால் அது தொழிலாளிக்கு வழங்கியது யாது? தொழிற்சங்க உடன்படிக்கைகள் வழக்கமாக, நியாயமான காரணமின்றி எவரையும் வேலைநீக்கம் செய்யலாகாது என்னும் நிபந்தனையைக் கொண்டிருக்கும். அத்தகைய சங்கங்களின் வலுவைக் குறைக்கும் திருத்தத்தை ஒக்லஹோமா 2001 இல் ஏற்றது. சங்கத்தில் இணைதலையோ சந்தா செலுத்துதலையோ வேலைக்கு நிபந்தனையாக்குதல் அதனாற் தடைப்பட்டது. மூன்றாண்டுகளின் பின் வாகனத்தினுள் துப்பாக்கி வைத்திருக்கும் உரிமை வந்தது. வாகனத்திலுள்ள துப்பாக்கிக்காக ஒருவரை வெளியேற்றுதல் இயலாது. உடன்படிக்கையின் காப்பு இல்லாதவரை வேறெக்காரணத்தையும் கூறாமலே வெளியேற்றுதல் பெரும்பாலும் இயலும்.

ஹோம்ஸ்டெட் தொழிலாளர் ஆற்றங்கரைக்குத் துப்பாக்கி கொண்டுசென்றது துப்பாக்கியின் பொருட்டன்று. தம் வேலையின் மீது தமக்கும் ஓர் உரிமை உண்டு என்பதை நிலைநாட்டுதற் பொருட்டேயாம். அவ்வுரிமை துப்பாக்கியாற் கிட்டவில்லை; பல்லாண்டுகளின் பின் சட்டத்தினாலும் சங்கத்தினாலுமே ஓரளவு கிட்டியது. அதனை இழந்த தொழிலாளிக்கு வாகனத்திலுள்ள துப்பாக்கி ஈடாகாது என்பதே இவ்வரலாறு உணர்த்தும் முடிவாகும்.