பதினான்கு வயதுக்குப் பிறகு: இடைநிற்கும் பிள்ளைகளும் மாற்றுப் பள்ளியின் பணியும்

ஆந்திரத்தின் கலப்பினப் பருத்தி விதை வயல்களில் முதல் வேலை மாலையில் நடக்கும். மறுநாள் மலரவிருக்கும் மொட்டின் இதழையும் மகரந்தப் பைகளையும், சூல்முடி சிதையாமல் விரலால் கிள்ளி எடுக்க வேண்டும். விடிந்ததும் ஆண் செடியின் பூவைக் கொண்டுவந்து அந்தச் சூல்முடியில் தடவ வேண்டும். ஒரு நாளும் விடுபடக் கூடாத இந்த வேலைக்காகப் பெற்றோரிடம் முன்பணம் கொடுத்து, பள்ளி வயதுச் சிறுமிகளை அமர்த்திக்கொண்டார்கள். பூப்பருவம் பள்ளி ஆண்டின் நடுவில் வரும். மாதக்கணக்கில் வராத பிள்ளையின் பெயர் பதிவேட்டிலிருந்து போய்விடும். அவள் திரும்பி வரும்போது வகுப்பு வெகுதூரம் போயிருக்கும்.

இப்படி விடுபட்டவளுக்கு எத்தகைய பள்ளி வேண்டும்? இந்தியக் கல்வித் துறை இதற்கு இரண்டு விடைகளைத் தந்துள்ளது.

முதல் விடை, 1979-80இல் தொடங்கிய முறைசாராக் கல்வித் திட்டம். பகலில் உழைக்கும் பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேர வகுப்பு, பெரும்பாலும் அந்தியில். நோக்கம் நல்லதுதான். ஆனால் பகல் முழுதும் குனிந்து நின்ற உடம்பு இரவில் எழுத்துக் கூட்டாது. அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. பிள்ளையின் வேலையை மாற்ற முடியாத நிலையாக ஏற்றுக்கொண்டு, மீதியிருந்த நேரத்தில் கல்வியைச் செருகியது அத்திட்டம்.

இரண்டாவது விடை அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் ரங்காரெட்டி மாவட்டத்திலிருந்து வந்தது. 1991 முதல் அங்கே குழந்தைத் தொழிலாளர்களிடையே பணியாற்றிய எம்.வி. அறக்கட்டளை, பள்ளிக்கு வெளியே இருக்கும் ஒவ்வொரு பிள்ளையும் குழந்தைத் தொழிலாளிதான் என்று வரையறுத்தது. ஆடு மேய்ப்பவனும், வீட்டில் தம்பியைப் பார்த்துக்கொள்பவளும் இந்த வரையறைக்குள் வந்தார்கள். அதன் செயலராக இருந்த சாந்தா சின்ஹா ஐதராபாத் பல்கலைக்கழக அரசியல் அறிவியல் பேராசிரியராகவும் இருந்தவர். 2003இல் மகசேசே விருது பெற்றவர். 2007இல் தேசியக் குழந்தை உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்தின் முதல் தலைவரானார்.

அறக்கட்டளை கண்ட வழி, உண்டு உறைவிட இணைப்பு முகாம். வேலைத்தலத்திலிருந்து வந்த பிள்ளையின் கையில் எடுத்த எடுப்பில் பாடநூலைத் திணிப்பதில்லை. பாட்டு, கதை, விளையாட்டு, பேச்சு என்று நாட்கள் நகரும். வாயில் பழகிய பாட்டின் சொற்களே பிறகு எழுத்தாகும். வயதுப்படி பிரிக்காமல், கற்றது எவ்வளவோ அதன்படி குழு பிரிப்பார்கள். பன்னிரண்டு வயதுப் பையனை ஐந்து வயதுக் குழந்தைகளோடு ஒன்றாம் வகுப்பில் உட்காரவைக்கும் அவமானம் இதனால் நீங்கியது. முகாம் முடிந்ததும் வயதுக்கேற்ற வகுப்பில் அரசுப் பள்ளியில் சேர்ப்பு. தேவைப்பட்டால் அரசு விடுதியில் இடம். முகாமுக்கு வெளியே ஊரில் நடந்த வேலையும் முக்கியமானது. பெற்றோர், ஆசிரியர், ஊராட்சி உறுப்பினர், வேலைக்கு வைத்தவர் என எல்லாரிடமும் ஓயாமல் பேசினார்கள். முன்பணம் கொடுத்தவரின் பிடி தளர்ந்த பின்பே பிள்ளையால் படிப்பில் நிலைக்க முடிந்தது.

இந்த முறையை எதிர்ப்போர் கேட்கும் கேள்வி நியாயமானது. பிரம்படியாலும் சாதி இழிவாலும் பாடம் புரியாமையாலும் பிள்ளையைத் துரத்திய அதே பள்ளிக்கு ஏன் திருப்பி அனுப்ப வேண்டும்? ஏழைப் பிள்ளைக்கென்று தனியே ஒரு மலிவுப் பள்ளி உருவானால், பொதுப் பள்ளி திருந்த வேண்டிய கட்டாயமே அற்றுப்போகும் என்பதே இதற்கான பதில். பிள்ளை திரும்பி வருவது பள்ளிக்கும் ஒரு நெருக்குதல். ஆகவே ஒரு மாற்றுப் பள்ளியை, எத்தனை பேரைத் தன்னிடம் வைத்திருக்கிறது என்று மதிப்பிடுவது தவறு. எத்தனை பேரை உரிய வகுப்பில் சேர்த்து அங்கே நிலைக்கச் செய்தது என்பதே சரியான அளவு.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் இக்கருத்தை ஏற்றது. அதன் 4ஆம் பிரிவு, இடைநின்ற பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துச் சிறப்புப் பயிற்சி அளிக்கச் சொல்கிறது. ஆனால் அச்சட்டத்தின் எல்லை 6 முதல் 14 வயது. 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டமோ 14 முதல் 18 வயது வரையிலானோர்க்கு ஆபத்தான தொழில்களை மட்டுமே தடை செய்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் பதினைந்து வயதுப் பெண்ணின் நிலை விளங்கும். அவளை மில் வேலைக்கும் திருமணத்துக்கும் கேட்டு வரும் வயதில், இலவசக் கல்வி அவளுக்குச் சட்டப்படியான உரிமை இல்லை.

அந்த வயதுக்கு இப்போது இருக்கும் வாசல், 1989இல் நிறுவப்பட்ட தேசிய திறந்தநிலைப் பள்ளி. ஐந்து ஆண்டுக்குள் ஒன்பது வாய்ப்புகளில் ஒவ்வொரு பாடமாகத் தேறலாம். ஒரு பாடத்தில் தோற்றதற்காக எல்லாவற்றையும் மீண்டும் எழுத வேண்டியதில்லை. இந்த நெகிழ்வு பெரும் கொடை. ஆயினும் அது தனியே படிக்கத் தெரிந்தவருக்கான ஏற்பாடு. எட்டாம் வகுப்பையே தட்டுத் தடுமாறிக் கடந்தவளுக்குப் புத்தகத்தோடு ஓர் ஆசிரியரும், படிக்க ஓர் இடமும், உடன் நான்கு தோழியரும் வேண்டும்.

தமிழ்நாட்டுக்கும் இது பொருந்தும். 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம், அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிறது. ஒன்பதாம் வகுப்போடு நின்றவளுக்கு அந்தப் பணம் எட்டாது. கல்லூரி வாசலில் காட்டும் அக்கறையை இரண்டு மூன்று ஆண்டு முன்னதாகவே, பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் தவறி வீட்டில் இருப்பவளிடமும் காட்ட வேண்டும்.

2030க்குள் மேல்நிலைக் கல்வி வரை அனைவரையும் சேர்ப்பது 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை வைத்துள்ள இலக்கு. கல்வி உரிமையின் எல்லையை 18 வயதுக்கு உயர்த்துவதும், 4ஆம் பிரிவின் சிறப்புப் பயிற்சியை உறைவிட வசதியோடு 15 முதல் 18 வயதினருக்கும் சட்டக் கடமையாக்குவதும் அந்த இலக்குக்கான முதல் வேலைகள். ஒன்றிய அரசும் மாநில அரசுகளும் இவற்றை உடனே தொடங்க வேண்டும்.