காணி

பெயர்ச்சொல். 1. எண்பதில் ஒரு பங்கு. 2. நில அளவு, ஏறத்தாழ 1.32 ஏக்கர். 3. பரம்பரை நில உரிமை. 4. (இலங்கை வழக்கு) நிலம்.

சோழர் கல்வெட்டுகளில் காணி என்பது மண்ணைவிட அதை ஆளும் உரிமையையே குறித்தது. ‘காணியாட்சி’ அதிலிருந்து வந்தது. இலங்கையின் நற்பிட்டிமுனையில் வளவும் காணிதான், வயலும் காணிதான். ஆனால் விற்கும்போது முதலில் கேட்பது ‘உறுதிக் காணியா, பேமிட் காணியா?’ என்றுதான். உறுதி என்பது நில உரிமைப் பத்திரம்; பேமிட் என்பது 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரச காணிக்குக் கிடைக்கும் அனுமதிப்பத்திரம்.

அரச காணி முன்பு ‘முடிக்குரிய காணி’. உரிமை நிறுவப்படாத காடும் தரிசும் முடிக்குரியதென 1840ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் அனுமானித்தது. முடி போனது; கொழும்பின் பிடி தளரவில்லை. 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் ‘காணி’யை மாகாண சபைப் பட்டியலில் சேர்த்தது, அதன் பின்னிணைப்போ அரச காணியைக் குடியரசின் உடைமையாகவே வைத்தது. மத்திய அரசு ஒப்படைக்கும் காணியில் மட்டுமே மாகாண சபைக்கு அதிகாரம் என்று 2013இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பட்டியலில் மாகாணம் பெற்றது நான்காம் பொருளை. மூன்றாம் பொருள் கொழும்பிடமே இருக்கிறது.